ஒல்லாந்துச் செம்பும் இங்கிலீசு வெள்ளியும்

பழைய காசு வியாபாரத்தில் கடைக்கு வருகிற எல்லாரும் விற்க வருகிறவர்கள்தான். வாங்க ஒருவன் வந்தால், அவன் பக்கத்துக் கடைக்கு வழி கேட்க வந்தவனாக இருப்பான். இது தெரிந்தும், பிஸ்கற் பேணிக்குள் நாலு பழைய காசைப் போட்டுப் பூட்டி வைத்து, என்றைக்கோ விலை ஏறும் என்று காத்திருக்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். நானும் அதே நோய் பிடித்த வருத்தக்காரன்தான்.

எனக்குப் படிப்புக் குறைவு. கொழும்பில் ஒரு பழம்பொருள் கடையில் எடுபிடியாக நின்றபோது காசுகளைத் தரம் பிரிக்கப் பழகிக்கொண்டேன். எண்பத்துமூன்றாம் ஆண்டு கலவரத்தில் கப்பலேறி ஊருக்கு வந்தபோது, நான் சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் சேர்த்த வெள்ளிக்காசுகள் மட்டும் மடியில் வந்தன. யாழ்ப்பாணப் பட்டணத்தில் கந்தையாப் பத்தரின் நகைப்பட்டறை முகப்பில் பாதியை வாடகைக்கு எடுத்து, ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தேன். சில கடைகள் தள்ளி மீரான் நானாவின் கடை. பழைய செம்பு, பித்தளையை நிறைக்கு வாங்குவார். அந்தக் குவியலுக்குள் காசு ஏதும் கிடந்தால் பொறுக்கி ஒதுக்கி வைப்பார். காசைப் பற்றிக் கதைக்க அந்தத் தெருவில் எனக்கு இருந்த ஒரே ஆள் அவர். சண்டை பிடிக்கவும் அவர்தான்.

சண்டை இதுதான். பிற்காலத்தில் எந்த வரிசைக் காசுக்கு மதிப்பு ஏறும்? விக்ரோறியா, எட்வேட், ஜோர்ச் தலை போட்ட இலங்கை வெள்ளிக்குத்தான் என்பது என் கட்சி. ஒல்லாந்தர் காலத்துச் செம்புக்குத்தான் என்பது நானாவின் கட்சி. எங்கள் யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசுதான் எல்லாவற்றுக்கும் மேல் என்பதில் எங்களுக்குள் வழக்கில்லை. ஆனால் அது முழுசாக எங்கள் கைக்கு வரவேண்டுமே.

புளி போட்ட நந்தி

அளவெட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். புருசன் தவில்காரர். வளவில் வாழைக்குக் கிடங்கு வெட்டும்போது ஒரு சின்ன மண்முட்டி அகப்பட்டதாம். புதுக் கைலேஞ்சித் துணியில் முடிந்து கொண்டுவந்த காசுகளை என் கண்ணாடிப் பெட்டியின் மேல் கொட்டினார். நேற்று அடித்த காசுபோல மினுங்கின. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நந்தி படுத்திருக்கவேண்டிய இடத்தில் ஒரு மேடு மட்டும் இருந்தது. அதன் கீழே ‘சேது’ என்று இருக்கவேண்டிய எழுத்து தடவிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

“என்ன பிள்ளை செய்தனீ?” என்றேன். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தாராம், இரண்டு நாளாக. அந்தக் கறுப்புத்தான் காசின் தோல், சேர்க்கிறவன் அந்தத் தோலுக்குத்தான் விலை கொடுப்பான் என்று விளங்கப்படுத்தினேன். கள்ளனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். காசுகளைத் திரும்ப முடிந்துகொண்டு எழும்பினார்.

“ஊத்தைக்கு விலை குடுக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். விளக்கை மினுக்காமல் ஆரும் ஏத்துவினமோ, அண்ணை?”

கழுத்தில் தொங்கிய கும்பனி

குருநகரிலிருந்து அந்தோனிப்பிள்ளை என்று ஒரு கடற்றொழிலாளி, பத்தரிடம் மகளின் தோட்டுக்குச் சுரை மாற்ற வந்தவர், என் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தன் சட்டைக்குள்ளிருந்து ஒரு கறுத்த நூலை வெளியே இழுத்தார். நூலில் ஒரு செம்புக்காசு. “இது மாதாவின்ரை பதக்கம், அண்ணை. எங்கடை தகப்பன் காலத்திலையிருந்து கிடக்கு. எவ்வளவு பெறும் எண்டு சும்மா பாருங்கோ” என்றார்.

பார்த்தேன். எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. மாதா கோயில் திரைச்சீலையில் இருக்கிற அடையாளம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் அது ஒல்லாந்துக் கும்பனியின் முத்திரை. கத்தோலிக்கக் குருமாரை ஒளித்துத் திரிய வைத்த அதே கும்பனி. நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காசை வெளிச்சத்தில் பிடித்து, “நல்ல காசு காணும். ஆனா ஓட்டை போட்டாச்சு. ஓட்டைக் காசைச் சேர்க்கிறவன் தொடமாட்டான்” என்றார். கும்பனிக் கதையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தோனிப்பிள்ளை காசைச் சட்டைக்குள் விட்டு மேலே கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஓட்டை இல்லாட்டி நூலை எங்காலை கோக்கிறது? உங்கடை சேர்க்கிற ஆக்களைக் கச்சான் காத்துக்கை ஒருக்கா வள்ளத்திலை வரச்சொல்லுங்கோ.”

எட்டு மணி வஸ்

இனிச் சொல்லப்போவதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை. தென்மராட்சியில், மட்டுவில் பக்கம் ஒரு வீட்டில் பழைய பெட்டகம் திறந்திருக்கிறார்கள், உள்ளே காசு கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று எனக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். எனக்குத்தான். நானாவுக்கு அல்ல. நான்தான் சந்தோசத்தில் போய் அவரிடம் சொன்னேன். அடுத்தநாள் திங்கட்கிழமை. காலையில் இராகு காலம். நல்ல காரியம், அது கழியட்டும் என்று வெளிக்கிட்டு வாசலிலேயே இருந்தேன். ஒன்பது மணிக்குப் பிறகு வஸ் பிடித்து நான் போய் இறங்க, மீரான் நானா ஒரு கனத்த பேணியைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வருகிறார்.

பேணி நிறைய ஒல்லாந்துச் செம்பு. அதுவும் யாழ்ப்பாணத்திலேயே அடித்த தடித்த காசு, புளி காணாத கறுப்போடு. வீட்டுக்காரர் பழைய செம்புக்குடத்தின் விலைக்கு நிறுத்துக் கொடுத்திருந்தார்கள். நடுத்தெருவில் நின்று நான் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன். அவர் பேணியை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார்.

“உமக்கு இராகு காலம், எனக்கு எட்டு மணி வஸ். இதிலை நான் என்ன பிழை விட்டனான், காணும்?”

பத்தர் நடுவில்

அன்றிலிருந்து நான் அவரோடு கதைப்பதை விட்டேன். அவரும் விட்டார். ஆனால் வழக்கு நிற்கவில்லை. பின்னேரங்களில் அவர் பத்தரின் பட்டறைக்கு வந்து ஒரு முக்காலியில் இருப்பார். நான் என் பெட்டிக்குப் பின்னால் இருப்பேன். “பத்தர், அந்த மனிசனிட்டைச் சொல்லும், இங்கிலீசுக்காரன்ரை காசு உலகம் முழுக்கக் கிடக்கு, கிடக்கிற சாமானுக்கு என்ன விலை? என்ரை செம்பு இந்த ஊரிலை அடிச்சது, வேறை எங்கையும் இல்லை” என்பார் அவர். “பத்தர், அவரிட்டைச் சொல்லும், வேறை எங்கையும் இல்லாத காசை வேறை ஆர் தேடுவான்? விக்ரோறியாவை எல்லாருக்கும் தெரியும். வருசம் இருக்கு, தலை இருக்கு, ஆருக்கும் விலை போகாட்டிலும் வெள்ளி இருக்கு” என்பேன் நான். “செம்பிலை சிங்கம் இருக்கு எண்டு சொல்லும்” என்பார். “சிங்கமோ பூனையோ எண்டு முதல் பாக்கச் சொல்லும்” என்பேன்.

இப்படி வருசக்கணக்கில். பத்தர் பாவம், வாயில் ஊதுகுழலை வைத்துக்கொண்டு நெருப்பை ஊதிக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அவருடைய கட்சி பவுண் காசு மட்டும்தான். மற்றதெல்லாம் அவருக்குப் பழைய சாமான். ஒருநாள் பொறுமை கெட்டு ஊதுகுழலை எடுத்துக் கீழே வைத்தார்.

“நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுற பிற்காலத்திலை நாங்கள் மூண்டு பேரும் இருக்கமாட்டம். இப்ப நெருப்பு அவியுது, வாயை மூடுங்கோ.”

பத்தர் வராத நாள்

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், மீரான் நானா இருக்கிற சோனகத் தெரு முஸ்லிம்களை உடனே ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நகை, காசு, சாமான் எதையும் கொண்டுபோகக் கூடாது. சொன்னவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் நான் சின்ன விசயத்தையே மனத்தில் வைத்திருக்கிறவன், இதை விடுவேனா?

அன்றைக்குப் பயத்தில் பத்தர் பட்டறைப் பக்கம் வரவில்லை. நான் மட்டும் முகப்பில் நின்றேன். நானா வந்தார். சாரமும் வெள்ளைச் சட்டையும். தோளில் அந்தப் பேணி. உள்ளே எட்டிப் பத்தரைப் பார்த்தார். பத்தர் இல்லை. எங்களுக்கு நடுவில் நின்று கதையைக் கடத்த ஒருவருமில்லை. நான் துடைத்த கண்ணாடிப் பெட்டியையே திரும்பத் துடைத்தேன். கோபத்தாலோ வேறெதாலோ, எனக்கே தெரியாது. தெருவில் அவருடைய மனுசியும் பிள்ளைகளும் வெறுங்கையோடு நின்றார்கள். அவர் பேணியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் மெதுவாக வைத்தார்.

“உம்மோடை எனக்குக் கதையில்லை. இதை வச்சிரும். செம்பு விலைக்கு நிறுத்துக் குடுத்துப்போடாதையும்.”

இஞ்சினுக்கு ஒரு மகாராணி

அன்றைக்கே முடிவெடுத்தேன். அந்த ஆள் திரும்பி வரும்வரை பேணியிலிருந்து ஒரு காசு குறையக் கூடாது. வந்து முழுசாக எடுக்கவேண்டும், எடுத்துக்கொண்டு ‘வெள்ளிதான் பெரிசு’ என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் நான் விடுவதாயில்லை.

சொல்வது லேசு. அது பொருளாதாரத் தடைக்காலம். சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தவிக்கிற ஊரில் செம்பு சும்மா கிடந்தால் விடுவார்களா? கோண்டாவிலிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். தண்ணீர் இறைக்கிற இஞ்சினுக்குச் செம்பு வாசர் தேய்ந்துவிட்டது, பட்டணம் முழுக்கத் தேடியும் இல்லை. எப்படியோ பேணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். ஒரு ஒல்லாந்துக் காசில் ஓட்டை போட்டால் அளவாக இருக்கும் என்றார். நான் ஏலாது என்றேன். “ஒல்லாந்தன் செத்து எத்தினை காலம், அண்ணை? என்ரை வெங்காயம் இண்டைக்குச் சாகுது” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. என் பெட்டியைத் திறந்து என்னுடைய விக்ரோறியாச் செம்புச் சதம் ஒன்றை எடுத்தேன். தலை தெளிவாக இருந்த நல்ல காசு. பத்தர் அதன் நடுவே துளை போட்டபோது நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இஞ்சின் ஓடத் தொடங்கியபின் அவர் ஒரு பிடி வெங்காயத்தோடு வந்தார்.

“அண்ணை, மகாராணி ஒரு சொட்டு ஒழுகவிடேல்லை.”

பத்தரின் தராதரம்

என் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாளில் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டவேண்டும். பத்தரிடம் வெள்ளி இல்லை, எங்கேயும் இல்லை. அவர் என் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பேரப்பிள்ளைக்குக் கொடுக்காத வெள்ளி என்ன வெள்ளி என்று திறந்தேன். திறந்த பெட்டி பிறகு மூடுபடவில்லை. மண்ணெண்ணெய்க்கு ஒன்று, என் மனுசியின் மருந்துக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது.

இதில் ஒரு விசயம் கவனித்தேன், சேர்க்கிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தர் ஒவ்வொரு காசையும் பலகையில் போட்டுச் சத்தம் கேட்பார். ஐந்தாம் ஜோர்ச்சின் கடைசிக்கால வெள்ளியில் கலப்புக் கூட, அதை ஒதுக்கிவிடுவார். விக்ரோறியாவும் எட்வேட்டும் நல்ல வெள்ளி. அவற்றைத்தான் முதலில் கேட்பார். நான் எதை முதல்தரம் என்று பொத்திப் பொத்தி வைத்தேனோ, அதுதான் நெருப்புக்கும் முதல்தரம். கடைசி ஐம்பது சதம் நெருப்பிலிருந்த மூசைக்குள் இளகிக் கொண்டிருந்தபோது பத்தர் என்னை ஆறுதல்படுத்தினார்.

“யோசியாதையும், காணும். நீர் ஒவ்வொண்டா உருக்க உருக்க, மற்றவனிட்டை இருக்கிறதுக்கு விலை ஏறும். நீர் சொன்னது பலிக்குது.”

நாவற்குழிப் பாலம்

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மழை வேறு. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட ஆள் ஆளோடு நெரிந்து, அடி எடுத்து வைக்க இடமில்லை. என் சைக்கிளின் கரியரில் அரிசிப் பையும் பேணியும். மனுசிக்குக் கால் வீங்கி, நடக்க முடியவில்லை. அவவைக் கரியரில் இருத்தினால் இரண்டையும் இறக்கவேண்டும், ஒன்றைத்தான் தலையில் சுமக்கலாம். நான் அரிசியை விட்டேன். பக்கத்தில் வந்த ஒரு குடும்பம் அதை எடுத்துக்கொண்டது. பேணியைத் தலையில் வைத்து, அதன் மேல் விரித்த குடையின் காம்போடு சேர்த்து ஒரு கையால் பிடித்தேன். மற்றக் கையால் சைக்கிளைத் தள்ளினேன். செம்பு எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மட்டுவிலில் அந்த மனுசன் தோள் மாற்றின காரணமும் விளங்கியது.

பாலம் கடந்து மூச்சு விட்டபிறகு மனுசி கரியரில் இருந்தபடியே கேட்டா.

“இஞ்சருங்கோ, அந்தாளோடை உங்களுக்குக் கதைகூட இல்லை. அவற்றை செம்பு நனையக் கூடாதெண்டு என்ரை குடையையும் அதுக்குப் பிடிக்கிறியள், நான் ஆரோ?”

புத்தளத்திலிருந்து வந்தவர்

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எங்களைப்போல பல குடும்பம். ஒருநாள் ஒரு இளந்தாரி வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டான். புத்தளத்தில் அரசாங்கக் கந்தோரில் வேலையாம். தாய் தகப்பனைத் தேடி வவுனியா வந்து, கிளாலிக் கடலால் தோணியில் வந்தவன். “மீரான் நானா எண்டு ஒருத்தர் அங்கை முகாமிலை இருக்கிறார். நான் யாழ்ப்பாணத்தான் எண்டு தெரிஞ்சு, உங்களைக் கண்டால் பாக்கச் சொன்னவர்” என்றான். கிடுகுக் கொட்டில், பழைய போத்தல் வாங்கி விற்கிறார், கண் பார்வை குறைவு என்றெல்லாம் சொன்னான்.

“தன்ரை செம்பு கிடக்கோ எண்டு கேட்டவரோ?” என்றேன்.

“இல்லை ஐயா. உங்கடை வெள்ளி இப்ப என்ன விலை போகுது எண்டுதான் கேட்டவர்.”

என்னிடம் ஒரு வெள்ளி கிடையாது. “நல்லா ஏறியிருக்கு எண்டு சொல்லும்” என்றேன். பேணியை வெளியில் எடுத்துக் காட்டினேன். தான் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான். நல்ல பிள்ளை. ஆனால் வழியில் எத்தனை இடத்தில் சோதிப்பார்கள், செம்பைக் கண்டால் என்ன என்ன கேள்வி கேட்பார்கள்? அதோடு இது ஆள் மூலம் தீர்க்கிற வழக்கும் இல்லை. பத்தரை நடுவில் வைத்துக் கதைத்த காலம் போதும். “அவரை வந்து எடுக்கச் சொல்லும். எட்டு வஸ் மாறி எண்டாலும் வரச்சொல்லும். நான் சாகாமல் இருப்பன்” என்றேன். அவன் ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு பேணியை மூடித் தந்தான்.

“அவர் எனக்கு முதலே சொன்னவர், ஐயா. ‘சிநேகிதரிட்டைக் குடுத்திட்டு வந்ததெல்லாம் போயிட்டுது. அந்த மனிசன் என்னோடை கோவம், அதாலை அது இருக்கும்’ எண்டு.”

ஆகவே, பிஸ்கற் பேணியோடு காத்திருக்கிற என் இனத்தவரே, பிற்காலத்தில் எந்த வரிசைக் காசுக்கு மதிப்பு நிற்கும் என்று என்னைக் கேட்டால், விக்ரோறியாவும் அல்ல, ஒல்லாந்தனும் அல்ல, கோபக்காரன் கையில் கொடுத்துவைத்த காசுக்குத்தான் என்று இப்போதைக்குச் சொல்வேன், மிச்சத்தை அந்த ஆள் வந்தபிறகு பார்ப்போம்.